பன்னீரும் பன்னீர் திராட்சையும்

கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் முந்தானையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், சரிகை அசலா என்று விசாரிக்கிறார்கள், சாயம் போகுமா என்று கேட்கிறார்கள். அதே கல்யாணத்தின் வாசலில் நீட்டப்படும் சிவப்புத் தண்ணீரை மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் குடித்துவிடுகிறோம். சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு என்று மணத்தால் வரவேற்பது நம் வழக்கம். அந்த மேசைக்குப் பக்கத்திலேயே சர்க்கரைப் பாகில் எசன்ஸ் கலந்து 'வெல்கம் டிரிங்க்' என்று வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பழமும் பூவும் சேர்ந்த பானம் வீட்டில் செய்தால்தான் சரியாக வரும் என்பது என் கட்சி. மணம் ஆவியாகிப் போகிற சரக்கு. கலந்த சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கடை பாட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியது.

எந்தப் பழத்தோடு எந்தப் பூ சேரும் என்பதற்குக் காரணம் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கட் வகையைச் சேர்ந்த இதில் ஜெரானியால் என்ற மணப்பொருள் இருக்கிறது. ரோஜாவிலும் அதுவே இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒரு கிலோ திராட்சையைக் கொட்டை உடையாமல் மசித்து (உடைந்தால் கசக்கும்), ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு மெல்லச் சூடாக்கி வடிகட்ட வேண்டும். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிடலாம். பூவை மட்டும் அடுப்பில் ஏற்றக் கூடாது. பன்னீர் ரோஜா இதழ்களை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் மூடிவைத்து, சாறு நன்றாக ஆறிய பிறகு அந்த நீரைச் சேர்க்க வேண்டும். கடைசியில் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, துளி சுக்குப்பொடி. புளிப்பு ஏறியதும் ஊதாச் சாறு சிவப்பாகத் தெளியும். தொட்டியில் அமிலம் விட்டுப் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிற ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும்.

மது இல்லாத விருந்துப் பானம் சப்பென்று இருக்கும் என்பார்கள். இனிப்பை மட்டும் நம்பினால் அப்படித்தான் இருக்கும். தொண்டையில் ஒரு சுறுக்கு வேண்டும். அதைச் சுக்கு தருகிறது. ராமநவமிப் பானகத்தில் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் சேர்வது இதற்குத்தான். வெல்லத்தின் வாசனை பானகத்துக்கு அழகு. ரோஜாவை அது அமுக்கிவிடும் என்பதால் இங்கே வெள்ளைச் சர்க்கரையே சரி. இயற்கை என்ற பெயரில் எல்லாவற்றிலும் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டுகிற புது வழக்கத்தை நான் ஏற்கவில்லை. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: ஐந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு இது நடக்குமா? நடக்காது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள் என்று ஐம்பது பேர் கூடும் வீட்டு விசேஷத்துக்குத்தான் இது. ஐஸ்கட்டியை அள்ளிப் போடவும் வேண்டாம். அதிகக் குளிர் மணத்தையும் இனிப்பையும் மங்கச் செய்யும். மார்க்கெட்டில் உடைத்துத் தரும் ஐஸ் குடிக்கத் தக்கதும் அல்ல.

சில எச்சரிக்கைகள். மாலைக்கு விற்கும் ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கலாம். மருந்தடிக்காத வீட்டுச் செடிப் பூதான் வேண்டும். செம்பில் தெளிக்கும் பன்னீர் பெரும்பாலும் வாசனைத் திரவியம். அதைக் குடிக்கக் கூடாது. திராட்சைச் சாற்றை நம் ஊர் வெயிலில் ஓரிரு நாள் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்து அதுவே மதுவாகத் தொடங்கிவிடும். ஆகவே அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பானம் ஆகாது; அவர்களுக்கென்று சீரகமும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோரைத் தனியாக ஒரு பானையில் வைத்துவிடுங்கள்.