கூசும் பல்லும் புது வால்வும்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியத் துறையில் இருப்பவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது பெரிய விடயம் வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்புக்காரர் எல்லோரும் கூடித் தெரிவுசெய்த விடயம் பல் கூச்சம். சிரிக்க முதல் கதையைக் கேளுங்கள்.

இந்த விழாவுக்கு அழைப்பிதழ் கொடுப்பதற்காக நாங்கள் நான்கு பேர் எங்கள் ரீச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். கீழ்ப்பிரிவில் எங்களுக்குப் படிப்பித்தவர். திங்கட்கிழமை காலையில் வரிசையாக நிறுத்தி நகமும் பல்லும் பார்ப்பாரே, அவர்தான். பெயர் சொல்ல மாட்டோம். அறிந்தவர்கள் அறிந்துகொள்வார்கள், அது பரவாயில்லை என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

சிறுவயதில் வந்த ருமாற்றிக் காய்ச்சல் அவருடைய இருதய வால்வு ஒன்றைப் பழுதாக்கியிருந்தது. பல வருடங்கள் சமாளித்து, கடைசியில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். நாங்கள் போனபோது அது நடந்து இரண்டரை மாதம். அறை அமைதியாக இருந்தால் அந்த வால்வின் 'டிக் டிக்' சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். "உள்ளுக்கு ஒரு மணிக்கூடு ஓடுது பிள்ளையள்" என்றார்.

அவருக்கு ஐஸ்கிரீம் என்றால் உயிர் என்பது தெரிந்து வாங்கிக்கொண்டு போயிருந்தோம். கப்பைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தார். அது உருகித் தண்ணீராகும் வரை தொடவில்லை. வடையையும் வலப்பக்கத்தால் மட்டும் சப்பினார். இதைக் கவனித்தவர் எங்களில் வங்கியில் வேலை செய்பவர். வைத்தியர் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

விசாரித்தால், வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை தொடக்கம் இடப்பக்க மேற்பற்கள் கூசத் தொடங்கியிருக்கின்றன. காலையில் கிணற்றுத் தண்ணீர் பட்டால் மின்னல் வெட்டுவது போல. ஒருவருக்கும் சொல்லவில்லை. "நெஞ்சைப் பிளந்து காப்பாத்தியிருக்கினம், பல்லுக் கூசுதெண்டு அவையளிட்டப் போய்ச் சொல்லுறதே?" என்று கேட்டார். ஆகவே அந்தப் பக்கம் பல் தீட்டுவதை விட்டுவிட்டார். முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பதால்தான் கசிகிறது என்று நினைத்து மற்றப் பக்கத்தையும் விட்டார். வாய் கொப்பளிப்பதோடு சரி. நாக்கு வறளுகிறது என்று நாள் முழுக்கத் தேசிக்காய்த் தண்ணீர். நோவுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த டைக்குளோபெனாக் குளிசை இரண்டு நாள். அங்கேதான் எங்களுக்கு வயிறு கலங்கியது.

பல் ஏன் கூசுகிறது? விஞ்ஞானப் பாடத்தில் மிளிரி என்று படித்தோமே, அந்தக் கவசம் தேய்ந்தாலோ, முரசு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ, உள்ளே இருக்கும் படை வெளிப்படும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. குளிரோ புளிப்போ பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைய, நரம்பு துடிக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் உமிக்கரியும் உப்பும் போட்டுப் பல் தீட்டியவர்கள் இங்கே எத்தனை பேர்? அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கரி பளிச்சென்று வைத்திருக்கும் என்று இன்றும் தேய்ப்பவர்கள் அருள்கூர்ந்து நிறுத்துங்கள்.

இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இந்தக் கூச்சம் தலைகாட்டப் பல காரணங்கள் உண்டு. நீர் போவதற்குக் கொடுக்கும் குளிசை வாயை வறளச் செய்யும். காக்கிற உமிழ்நீர் குறையும். வாந்தி வந்திருந்தால் அமிலம் பல்லை அரித்திருக்கும். அதற்கு மேலே தேசிக்காயும் தோடம்பழமும். முன்பே தேய்ந்திருந்த பல் இதையெல்லாம் தாங்காது.

கூச்சம் உயிரைக் கொல்லாது. அதற்குப் பயந்து பல் தீட்டாமல் விடுவதுதான் ஆபத்து. அழுக்குப் படிந்து வீங்கிய முரசுக்குள்ளால் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும். உங்களுக்கும் எங்களுக்கும் உடம்பு அவற்றை விரட்டிவிடும். செயற்கை வால்வில் அவை ஒட்டிக்கொண்டு பெருகினால் வாரக்கணக்கில் நாளத்தினூடாக மருந்து ஏற்ற வேண்டும், சிலவேளை மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும், உயிரும் போகலாம். பைபாஸ் செய்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் இந்த ஆபத்து இதே அளவில் இல்லை. வால்வு மாற்றியவர்களுக்குத்தான் விசேடமாகச் சொல்கிறோம்.

அன்றைக்கே ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனோம். காய்ச்சல் இல்லை என்பதே பெரிய ஆறுதல். ஐ.என்.ஆர். இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. அதைச் சீராக்கிய பிறகு பல் வைத்தியரும் இருதய வைத்தியரும் தொலைபேசியில் கதைத்து நாள் குறித்தார்கள். முரசைக் கிளறித் துப்புரவு செய்யும் வேலை என்பதால் ஒரு மணித்தியாலம் முன்னதாக அமொக்சிசிலின் 2 கிராம் ஒரே தடவையில் கொடுத்தார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்து இருக்கிறது. வோபரினை நிறுத்தவில்லை. பல் வைத்தியரிடம் போகிறோம் என்று யாரும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. வெளிப்பட்ட வேர்களுக்கு புளோரைட் பூச்சுப் பூசினார்கள். ஒட்டிய நெஞ்செலும்பு நோகாமல் இருக்கக் கதிரையை மெல்லச் சாய்த்து, ஒரு தலையணையை அணைத்தபடி படுக்க விட்டார்கள்.

வீட்டில் செய்ததெல்லாம் எளிது. மென்மையான பிறஷ், இளஞ்சூடான தண்ணீர், கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை இரண்டு வேளை. தீட்டிய பிறகு நுரையைத் துப்பலாம், தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லை. கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் பூசி விடலாம். அடுத்த நாளே பலன் தெரியாது, இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். புளிப்பானது ஏதும் குடித்தால் அரை மணித்தியாலம் கழித்தே பிறஷ் தொடலாம். நோவுக்குப் பரசிற்றமோல். டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வோபரினோடு சேரக் கூடாது. அந்தப் பற்பசை விலை கூடியது என்று ரீச்சர் கவலைப்பட்டதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஒன்பது ரியூப் வந்து சேர்ந்தது. இனி அனுப்ப வேண்டாம்.

இரண்டு விடயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால் பாமசியில் அன்ரிபயோரிக் வாங்கிப் போடாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க முதல் அந்த மருந்து உள்ளே போனால் உண்மையான நோய் மறைந்துவிடும். மற்றது, நடக்கும்போதோ படியேறும்போதோ கீழ்த்தாடை நொந்து, இருந்ததும் விட்டுவிட்டால் அதைப் பல்லுக் குத்து என்று நினையாதீர்கள். அது இருதயத்தில் இருந்தும் வரலாம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் ரீச்சரின் வாயைச் சோதித்து ஒரு பல்லைக் கழற்றியும் இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டில் காயம், குளிசை, கிளினிக் திகதி எல்லாம் இருந்தன, வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. வைத்தியர்களாகிய நாங்கள் நெஞ்சுத் தழும்பைப் பார்ப்போம், கால் வீக்கத்தை அமத்திப் பார்ப்போம், "பல்லுத் தீட்டுறியளோ?" என்று கேட்பது குறைவு. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் கேட்கிறோம். முதற் கிழமையிலேயே இருவர் "கூசுது, அதால விட்டிட்டன்" என்றார்கள்.

ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். தேநீரோடு ஐஸ்கிரீமும் உண்டு என்று உபசரணைக் குழுவினர் சொன்னார்கள். அவருக்கும் ஒரு கப் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறோம், கொஞ்சம் இளகவிட்டு.