கல்வெட்டுக்குப் பிறகு



பொறியாளர் நாள் விழா என்றால் அணையைப் பேசுவோம், பாலத்தைப் பேசுவோம். நான் இன்று அரசு மருத்துவமனையின் பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆக்சிஜன் பிளான்ட்.

கொரோனா அலை வீசிய 2021 மே மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. சென்னையில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. ஒரு சிலிண்டருக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த ஆண்டில்தான் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து நாடு முழுவதும் 1,224 ஆக்சிஜன் பிளான்ட்டுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அக்டோபர் 7-ஆம் தேதி ரிஷிகேஷில் பிரதமர் ஒரு தொகுதியை நாட்டுக்கு அளித்தபோது, 1,100-க்கும் மேற்பட்டவை ஓடத் தொடங்கியிருந்தன. தேஜஸ் போர் விமானத்தில் விமானி மூச்சுவிடுவதற்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுட்பம் இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. அதை வாங்கிச் செய்துகொடுத்த நிறுவனங்களில் ஒன்று நம் கோயம்புத்தூரில் இருக்கிறது. சாலை போடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பல மருத்துவமனைகளில் இந்தப் பிளான்ட்டுகளுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தது. அவசரம் என்றால் நம் அரசுத் துறைகளால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இயந்திரம் செய்வது என்ன? நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி, ஈரத்தை உலர்த்தி, ஜியோலைட் என்ற மணிகள் நிரம்பிய உருளைக்குள் அனுப்புகிறது. அழுத்தத்தில் அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் தப்பி வெளியே வரும். பிறகு அழுத்தத்தைத் தளர்த்தினால் பிடித்த நைட்ரஜனை உஸ்ஸென்று விட்டுவிடும். இப்படி இரண்டு உருளைகள் மாறி மாறி, தறியில் நாடா ஓடுவதுபோல, இரவு பகலாக வேலை செய்கின்றன. கிடைப்பது ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜன். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் ஒரு பிளான்ட், ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 190 நோயாளிகளின் மூச்சைத் தாங்கும்.

நூற்றுத் தொண்ணூறு பேர், ஐயா!

இந்த மணிகளுக்கு இரண்டு எதிரிகள்: ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு. ஃபில்டரைக் காலத்தில் மாற்றாவிட்டால், உலர்த்தி பழுதானால், மணிகள் வீணாகும். இயந்திரம் அதன்பிறகும் ஓடும், சத்தமும் வரும். ஆக்சிஜனின் தூய்மை மட்டும் சரியும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் கேடுதான். திரவ ஆக்சிஜன் டேங்க் இருக்கிறதே, மின்கட்டணம் வேறு ஏறுகிறதே என்று அணைத்து வைத்துவிட்டால், அடுத்த ஆபத்தில் சுவிட்சைப் போடும்போது அது நமக்குக் கைகொடுக்காது.

என் மனக்குறை இதுதான். எஸ்டிமேட் போடுகிறோம், டெண்டர் விடுகிறோம், கல்வெட்டு திறக்கிறோம். உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் ஃபில்டர் வாங்கும் பணம் யார் கணக்கில் என்று கேட்டால், ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டுகிறது. பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை டெண்டரிலேயே எழுதாமல் வாங்கும் இயந்திரம் பாதி விலைக்கு வாங்கியதுபோல் தெரியும். உண்மையில் அது பாதி இயந்திரம். 2021-இல் இவற்றை இயக்க நாடு முழுவதும் 7,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் பணிமாறிப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. ஐ.டி.ஐ. படித்த ஒருவரை நிரந்தரமாக அங்கே அமர்த்தினால் என்ன? ஒரு சம்பளம், 190 மூச்சு.

இங்கே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களையும் குடியிருப்போர் சங்கத்தாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற வாரம் நம் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கண்காணிப்பாளரிடம் மரியாதையாகப் பேசி, ஆக்சிஜன் பிளான்ட்டின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது, தூய்மை எத்தனை சதவீதம், ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். குறை இருந்தால் ஒரு மனு எழுதுங்கள். என் கையெழுத்தை முதலாவதாகப் போடுகிறேன்.