பல்லாங்குழியும் கைப்பேசியும்



1989 தொடங்கி 2011 வரை அச்சடிக்கப்பட்ட மலேசியப் பத்து காசு நாணயம் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அதன் பின்புறத்தில் ஒரு சோங்காக் பலகை இருக்கும். அதே வரிசையில் வந்த ஐந்து காசில் பம்பரம், ஐம்பது காசில் பட்டம். மலாய்க்காரர்களின் பாரம்பரிய விளையாட்டுகளை நாடே தன் நாணயத்தில் பொறித்து மதித்தது.

அந்தச் சோங்காக்கின் ஒன்றுவிட்ட தங்கைதான் நம்முடைய பல்லாங்குழி. ஏழு ஏழாகப் பதினான்கு குழி. தோட்டத்து லயத்து வாசலில், பால்வெட்டு முடிந்து, சமையலும் முடிந்த பிற்பகலில் நம் பாட்டிமார்கள் ஆடிய ஆட்டம். அதற்கு நாணயத்தில் இடம் கிடைக்கவில்லை. அது பதிவானது பாட்டிமார்களின் நினைவில் மட்டுமே.

நெகிரி செம்பிலானுக்கும் விளையாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தமிழ்ப் பெண் பிள்ளைகள் அஞ்சாங்கல் என்று ஆடும் ஆட்டத்திற்கு மலாயில் 'பத்து சிரம்பான்', அதாவது சிரம்பான் கல் என்று பெயர். மாநிலத் தலைநகரின் பெயரே ஒரு விளையாட்டுக்கு வாய்த்திருக்கிறது. லாபு, ரந்தாவ், நீலாய், லுக்குட், பகாவ், கெமாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தாம். அங்கே சிமெண்டுத் தரையில் கரிக்கட்டியால் கட்டம் கிழித்தால் தாயம். முக்கோணம் வரைந்தால் மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டையும் சாகா விதையும் ரப்பர் கொட்டையும்தான் காய்கள். செலவு என்று ஒரு காசு கிடையாது.

இன்று அந்த நிலங்களில் பாதி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற புதிய நகரங்கள் எழுந்தன. லயங்களில் ஒரே வரிசையில் வாழ்ந்த குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தன. மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு, எதிரே உட்கார்ந்து முத்துப் போட இன்னோர் ஆள் இல்லை. பல்லாங்குழிப் பலகை பரண்மேல் ஏறியதற்குக் காரணம் பிள்ளைகளின் அலட்சியம் மட்டும் அல்ல. அந்த ஆட்டத்திற்குத் தேவையான வாசலும் அண்டை வீடும் பறிபோனதும் பெரிய காரணம்.

அந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்தது. மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'லூடோ கிங்' செயலி, 2020இல் கோவிட் காலத்தில் உலகெங்கும் பரவியது. இங்கே அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களுக்கு இத்தகைய செயலிகள்தாம் துணை. லூடோ என்பது 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். அதன் மூலம் இந்தியாவின் பச்சிசி. நம் தாயமும் அதே குடும்பம்தான். நம் சொந்தக்காரர் சீமைக்குப் போய், சட்டை மாற்றிக்கொண்டு, கைப்பேசிக்குள் திரும்பி வந்திருக்கிறார். பகாவில் இருக்கும் தாத்தாவும் சிங்கப்பூரில் வேலை செய்யும் பேத்தியும் ஒரே கட்டத்தில் காய் நகர்த்த முடிகிறது என்றால், அது நல்ல காரியமே. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆட்டத்தில் எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம்? எந்த வேலையை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்?

மேலை நாடுகளில் இந்தச் சோதனை நெடுநாளாக நடக்கிறது. 1981இல் வந்த 'டார்க் டவர்' என்ற பலகை ஆட்டத்தின் நடுவே மின்கலத்தில் ஓடும் ஒரு கோபுரம் நின்றது. யாருக்கு என்ன நேரும் என்பதை அதுவே முடிவு செய்தது. 2006இல் மோனோப்போலியின் ஒரு பதிப்பில் காகிதப் பணத்தை எடுத்துவிட்டு, வங்கி அட்டையும் அதைப் படிக்கும் கருவியும் வைத்தார்கள். 2015இல் வெளிவந்த 'எக்ஸ்காம்' ஆட்டத்தைச் செயலி இல்லாமல் ஆடவே முடியாது. பலகையும் காய்களும் மேசைமேல் இருக்கும். நேரத்தை எண்ணுவதும் எதிரியை ஏவுவதும் செயலியின் வேலை.

மோனோப்போலியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வெள்ளி கொடுத்து அறுபத்தைந்து போக மீதி எவ்வளவு என்று பிள்ளை கணக்குப் போடும். அட்டையைச் செருகினால் கருவி கணக்குப் போடும். ஆட்டம் வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் பிள்ளை கற்க வேண்டிய கணக்கைக் கருவி கற்றுக்கொண்டு என்ன பயன்?

பல்லாங்குழியிலும் இதே கதைதான். குழிக்கு ஐந்து முத்து என்றால் பதினான்கு குழிக்கு எழுபது. நான்கு சேர்ந்தால் பசு. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று விரல் தொடாமல் மனத்தாலேயே எண்ணிப் பார்ப்பதுதான் ஆட்டத்தின் உயிர். செயலியில் ஒரு குழியைத் தொட்டால் போதும். முத்துகள் தாமாகவே ஓடி விழுகின்றன. பிள்ளை வேடிக்கை பார்க்கிறது. தாயத்தில் கட்டையை உருட்டுவது கையின் வேலை. உருண்டதை நாலு பேர் பார்க்கிறார்கள், ஒத்துக்கொள்கிறார்கள். செயலிக்குள் உருளும் கட்டையை யார் உருட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தோற்றவர்கள் எல்லாம் "செயலி ஏமாற்றுகிறது" என்கிறார்கள்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. அது சதுரங்கம். பாபி பிஷர் வடிவமைத்த மின்னியல் கடிகாரத்திற்கு 1989இல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டிக் கொடுக்கும் அந்த முறை இன்று உலகப் போட்டிகளில் வழக்கமாகிவிட்டது. பெரிய போட்டிகளில் பலகையே காய்களின் இடத்தை உணர்ந்து, நகர்த்தலை இணையத்திற்கு அனுப்புகிறது. 2010இல் தொடங்கிய 'லீசெஸ்' தளத்தில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. பயிற்றுநர் வந்து போக முடியாத ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவன், இணையம் மட்டும் இருந்தால் அயல்நாட்டுப் பிள்ளையோடு மோதலாம். 2024 டிசம்பரில், நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ் உலக வெற்றியாளர் ஆனார். அவருடைய தலைமுறை கணினியோடு வளர்ந்த தலைமுறை.

இங்கே இயந்திரம் நேரத்தை எண்ணுகிறது, பதிவு செய்கிறது, ஆட்டம் முடிந்த பின் தவற்றைக் காட்டுகிறது. ஆட்டத்தின்போது யோசிப்பது மனிதனின் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டினால் அதற்குப் பெயர் மோசடி. 2019இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரப் போட்டியில், கிராண்ட்மாஸ்டர் ஒருவர் கழிப்பறைக்குள் கைப்பேசியோடு பிடிபட்டார். அவர் போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டார்.

இன்னோர் ஆபத்தையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். லூடோ, கேரம் என்ற பெயரில் பணம் வைத்து ஆடச் சொல்லும் செயலிகளும் உலவுகின்றன. இந்தியாவில் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்ற வேண்டிய நிலை வந்தது. லயத்து வாசலில் தோற்றவர் இழந்தது நாலு புளியங்கொட்டை. அதையும் மறுநாள் ஜெயித்துக்கொள்ளலாம்.

சரி, நம் ஆட்டங்களுக்குக் கணினி மரியாதை செய்யுமா? செய்திருக்கிறது. பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவான அவாரியை 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் முழுமையாக ஆராய்ந்தார்கள். சுமார் 88,900 கோடி நிலைகளை அலசி, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமநிலையில் முடியும் என்று காட்டினார்கள். நம் ஆடுபுலிக்கு உறவான நேப்பாளத்து 'பாக் சால்' ஆட்டத்தையும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு அதே முடிவுக்குக் கொண்டுவந்தது. பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் இப்படி ஆராய நம் பிள்ளைகளால் முடியாதா? கணினித்துறையில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது அருமையான ஆய்வுத் தலைப்பு.

ஆனால் ஆராய வேண்டுமானால் முதலில் விதி தெரிய வேண்டும். பல்லாங்குழிக்கு ஊருக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி. அவை எல்லாம் கப்பலேறி வந்தவர்களின் வாய்வழியாகவே பிழைத்தவை. சொல்லத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே மூன்று காரியங்களை உடனே செய்யலாம். ஒன்று, கையில் இருக்கும் அதே கைப்பேசியால் பாட்டியின் ஆட்டத்தைப் படம் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்த விதி என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். இரண்டு, வாரத்தில் ஒரு மாலை, கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ பலகையை விரியுங்கள். கைப்பேசி அங்கே கடிகாரமாக இருக்கட்டும், எதிராளியாக வேண்டாம். மூன்று, தமிழ்ப்பள்ளிகளின் கணித வகுப்பில் பல்லாங்குழிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எழுபது முத்தும் ஒரு பலகையும் போதும். பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையும் போதும்.

தோட்டம் கைமாறிப் போனதை நம்மால் தடுக்க முடியவில்லை. தோட்டத்து ஆட்டம் மறைவதைத் தடுக்க முடியும். அதற்குத் தேவையான கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. பாட்டிமார்கள் இருக்கும்போதே அதை எடுப்போம்.