கேளாத கடனும் திரும்பாத உரிமையும்

(அவசரகால ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பும் காலத்தில் குடிமக்களின் கடமை குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ராணுவ ஆட்சியோ அவசரகால ஆட்சியோ முடிந்து, ஒரு நாடு மக்களாட்சிக்குத் திரும்புகின்ற காலத்தில், தேர்தலுக்குத் துணை நிற்க வேண்டியது யார்? இதுதான் இன்றைய கருத்தரங்கில் நம்முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. இதைக் கேட்டவுடன் பலருக்கும் மியன்மார் நினைவுக்கு வரும். அங்கே 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டது. ஆனால், இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இந்தப் பினாங்குத் தீவின் வரலாறே நமக்குப் போதுமான பாடம்.

கொடியை இறக்கிய தமிழர்

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சில நாட்களில் பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இங்கேயே வாழ்ந்த மக்கள் கைவிடப்பட்டார்கள்.

அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். அவரும் பல இனங்களைச் சேர்ந்த சில பொதுமக்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து நகரப் பொறுப்பை ஏற்றார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். எதிர்த்துப் போரிட இங்கு யாரும் இல்லை, இனிக் குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியர்களுக்கு அறிவித்தார்கள். பின்னர் அதே ஜப்பானியர்கள் சரவணமுத்துவைச் சிறையில் அடைத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பதவியில் இருந்தவர்கள் ஓடிய பிறகு இந்த ஊரைத் தாங்கிப் பிடித்தவர்கள், யாராலும் நியமிக்கப்படாத சாதாரணக் குடிமக்கள். ஊரை நடத்தத் தெரிந்த அந்த மக்களுக்கு, ஊரை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின.

முதல் தேர்தலும் முதல் மேயரும்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அமைந்தது ராணுவ நிர்வாகம். 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் அது முடிந்து சிவில் நிர்வாகம் வந்தது. ஆனால் ராணுவச் சீருடை போனதால் மட்டும் மக்களாட்சி வந்துவிடவில்லை. 1951 டிசம்பர் 1-ஆம் நாள்தான் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. போருக்குப் பிறகு மலாயா மண்ணில் நடந்த முதல் தேர்தல் அதுதான். மொத்தம் 15 இடங்கள். அவற்றில் 9 இடங்களுக்கு மட்டுமே தேர்தல். வாக்காளராகத் தம்மைப் பதிந்துகொண்டவர்கள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது.

அரைகுறைத் தேர்தல்தானே என்று மக்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. கட்சிகள் தோன்றின, கூட்டங்கள் நடந்தன. படிப்படியாக எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்தன. 1957 ஜனவரி 1-ஆம் நாள், மெர்டேக்காவுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, ஜார்ஜ்டவுன் மாநகர் என்ற தகுதியைப் பெற்றது. அதன் முதல் மேயராக உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது யாரை? தொழிற்கட்சியைச் சேர்ந்த ஆசிரியர், நம் டி.எஸ். இராமநாதனை! சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநகரின் முதல் மேயர் ஒரு தமிழர். இன்றும் ஸ்காட் ரோடு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மாநகர் மன்றம் வெறும் குப்பை அள்ளும் மன்றமாக இருக்கவில்லை. மின்சாரம், குடிநீர், பேருந்து மூன்றையும் அதுவே நடத்தியது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வர வேண்டுமே என்ற நினைப்பு உறுப்பினருக்கும் இருக்கும்.

'தற்காலிகம்' என்ற சொல்

பிறகு இந்தோனேசியாவுடன் மோதல் வந்தது. அதைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அவசரகால விதிகளின்கீழ் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ரத்து என்று யாரும் சொல்லவில்லை. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார்.

1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. அதே ஆண்டில், நிர்வாகக் குறைபாடுகள் காரணமாகச் சொல்லப்பட்டு, ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் போயின. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவரும் ஒரு தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். குறைகள் இருந்தால் திருத்த வேண்டும், ஆனால் தேர்தலைக் கைவிடக் கூடாது என்பதே 1968-இல் முடிந்த அந்த அறிக்கையின் சாரம். அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றமே நிறுத்திவைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. ராணுவ, போலீஸ் தலைவர்களும் அதில் அங்கம் வகித்தார்கள். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. பொதுத் தேர்தல்கள் வழக்கம்போல நடந்தன. ஊராட்சித் தேர்தல் மட்டும் திரும்பவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு நிரந்தரமாகப் பூட்டுப் போட்டது.

நேயர்களே, 'கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்' என்பது நம் முன்னோர் வாக்கு. நெருக்கடிக் காலத்தில் மக்கள் தங்கள் உரிமையை அரசாங்கத்திடம் கடனாகக் கொடுக்கிறார்கள். நெருக்கடி தீர்ந்த மறுநாளே அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், நாளடைவில் கடன் கொடுத்ததே மறந்துபோகும். இன்று அறுபது வயதை எட்டிய ஒரு பினாங்குக்காரர், தம் ஊர் மன்றத்துக்கு ஒரு முறைகூட வாக்களித்தது கிடையாது. அப்படி ஓர் உரிமை இருந்தது என்பதையே அறியாதவர்கள் பலர்.

அக்கரையில் நடந்தது

யாருடன் ஏற்பட்ட மோதலால் நம் தேர்தல் நின்றதோ, அந்த இந்தோனேசியாவைப் பாருங்கள். 1998 மே மாதத்தில் சுகார்த்தோ பதவி விலகினார். 1999 ஜூனில் பொதுத் தேர்தல் நடந்தது. மாணவர்களும் தொண்டர்களும் வாக்களிப்பு மையங்களுக்குச் சென்று கண்காணித்தார்கள். 2004 வரை நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு இடம் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் மக்கள் விடவில்லை. 2005 முதல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப்பக்கம், நம் தமிழர்களும் வாழும் மேடான் நகரில் 2024 நவம்பரிலும் அப்படித்தான் நடந்தது. இந்தப்பக்கம் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அச்சத்துக்குப் பதில்

பினாங்கு முயலாமல் இல்லை. 2012-இல் மாநிலச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது. மாநில அரசும் அலிரான் இயக்கத்தின் பி. இராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றார்கள். அத்தகைய சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது மீண்டும் நம்பிக்கை பிறந்தது. இனப் பிணக்கு ஏற்படும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அதை ஏற்க மறுத்தார்.

இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. நகரங்கள் ஓர் இனத்தின் பிடிக்குப் போய்விடுமோ என்ற கவலை உண்மையில் பலருக்கு இருக்கிறது. அதற்குப் பதில் கோஷம் அல்ல. இந்த ஊரின் அனுபவம். இனத்தை மட்டுமே பார்த்திருந்தால் ஜார்ஜ்டவுனில் ஓர் இராமநாதன் மேயராகியிருக்க முடியுமா? மேலும், எல்லா இனத்துக்கும் இடம் உறுதிப்படும் வகையில் தேர்தல் முறையை வகுப்பது சட்டம் இயற்றுவோர் கையில் இருக்கிறது. வழி இருக்கும்போது, பயத்தைச் சொல்லி உரிமையையே தள்ளிவைப்பது நியாயமாகாது.

இன்று நம் கையில் உள்ளவை

சட்டம் மாறும்வரை சும்மா இருப்பதா? கூடாது. முதலாவது, இருக்கிற தேர்தலை முழுமையாகப் பயன்படுத்துங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகிவிடுகிறார்கள். இளைஞர்கள் வாக்களிப்பதோடு நிற்காமல் வாக்களிப்பு, வாக்கு எண்ணும் முகவர்களாகவும் பணியாற்ற வேண்டும். ஒவ்வொரு வாக்களிப்பு வரிசையின் முடிவும் 14-ஆம் பாரத்தில் எழுதப்படுகிறது. அந்தப் பாரத்தின் நகலைக் கையில் வைத்திருக்கும் முகவர்தான் தேர்தலின் காவல்காரர்.

இரண்டாவது, ஊராட்சி மன்றக் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தவை. 1976-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாக்குக் கேட்டு வராவிட்டாலும் அவர் நம் வரிப்பணத்தில்தான் சேவை செய்கிறார்.

மூன்றாவது, சொத்து மதிப்பீடு உயர்ந்து அறிவிப்பு வந்தால், குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நில மேம்பாட்டுத் திட்டங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதும் கருத்துச் சொல்லலாம். பினாங்குத் தீவின் 2030 திட்ட வரைவு 2022-இல் அப்படி வைக்கப்பட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் என்ன கட்டுகிறார்கள், அங்காடிக் கடைகளை எங்கே மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் அத்தகைய வரைபடங்களில்தான் முடிவாகிறது. கட்டடம் எழும்பிய பிறகு மகஜர் கொடுத்துப் பயன் என்ன?

நமது கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இளைஞர் இயக்கங்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மன்றக் கூட்டத்துக்குப் பிரதிநிதி அனுப்பினால்கூட நிலைமை மாறத் தொடங்கும். பங்கேற்கப் பழகிய மக்களிடம் தேர்தல் திரும்பி வந்தால் அது நிலைக்கும். பழக்கமில்லாதவர்களிடம் வந்தால் மீண்டும் ஒரு நெருக்கடியில் பறிபோகும்.

1941-இல் கைவிடப்பட்ட ஊரைக் கையில் எடுத்தவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நமக்கோ போர் இல்லை, குண்டு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய இடத்தில், தொடர்ந்து கேட்டால் போதும்.