அடுக்களையும் அங்காடியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

எங்கள் மூவரையும் பேசப் பணித்த சங்கத்தாருக்கு நன்றி. மேடையேறிப் பழகியவர்கள் அல்லோம். பருப்புப் பொடியும் பூண்டுப் பொடியும் அரைத்து விற்பவர்கள். பிழை பொறுத்தருள வேண்டுகிறோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஊரிலிருந்து பொடி வரும் வழி அடைபட்டது. நாங்களே அரைத்தோம். அண்டை வீட்டார் கேட்டனர். பின்னர் வாட்ஸ்அப் வழியே மும்பையின் பிற பகுதியினரும் கேட்கலாயினர். சூரத்துக்கும் பெங்களூருக்கும் பொட்டலங்கள் புறப்பட்டன. இதனை வணிகமென்று நாங்கள் எண்ணியதேயில்லை. ஒருநாள் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் மாதம் 50 கிலோ வேண்டுமென்றார், "பில் தருவீர்கள் அல்லவா, அம்மா?" என்றும் கேட்டார். நாங்கள் வாயடைத்து நின்றோம். அவ்வாய்ப்பு கைநழுவிற்று.

கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் காலனியில் உள்ளார். அவரிடம் சென்று, "சிறிய விற்பனைதானே, மாமா, இதற்குமா பதிவு?" என்றோம். "விலை வாங்குகிறீர்கள் அல்லவா? வணிகம்தான்" என்றார். பிறகு அவர் சொன்னதே எங்களைத் திடுக்கிட வைத்தது. மகாராஷ்டிரத்திற்குள் மட்டும் பொருள் விற்போர்க்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, வரிக்குரிய பொருளை மாநில எல்லை கடத்தி விற்றால், தொகை எவ்வளவு சிறிதாயினும் பதிவு வேண்டும். உற்றாரும் உறவினரும் பல மாநிலங்களில் சிதறி வாழும் நம்மைப் போன்றோர்க்கன்றோ இவ்விதி முதலில் பொருந்தும்! (அப்பளத்திற்கு ஜி.எஸ்.டி.யே இல்லை, முறுக்கிற்கு உண்டு. அப்பளம் இடுவோர் கொடுத்து வைத்தவர்கள்.)

அப்பளமென்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்நகரின் கிர்காம் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். முதல் நாள் 4 பொட்டலங்களே. அதுவே இன்றைய லிஜ்ஜத். அவர்களும் 1966இல் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். பதிவு பெருவணிகர்க்கே உரியதென்ற எங்கள் எண்ணம் அங்கே தகர்ந்தது.

முதலில் பொடிக்கெனத் தனியாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கினோம். வீட்டுப் பணமும் பொடிப் பணமும் கலந்திருந்த வரையில் இலாபம் கிடைப்பதாகவே நம்பியிருந்தோம். பிரித்து எழுதிப் பார்த்தால், எரிவாயு, தபால் செலவு, உடைந்த புட்டிகள் போக, பூண்டுப் பொடியில் கிலோவுக்குக் கிலோ நட்டம்! எங்கள் உழைப்புக்கோ ஒரு காசும் எழுதியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஊருக்கு அன்னதானம் செய்திருக்கிறோம்.

மூவர் சேர்ந்த தொழிலாதலால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதினோம். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனைப் பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும் பதியாத நிறுவனம், வரவேண்டிய பாக்கிக்காக வெளியார்மீது பொதுவாக வழக்குத் தொடர இயலாது. பதிந்தோம். உணவுப் பொருளாதலின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் பெற்றோம். அதனோடு எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி ஆகியவற்றையும் பொட்டலத்தில் அச்சிடுகிறோம்.

சிறுதொழிலுக்குரிய உதயம் பதிவில் மட்டும் ஏமாந்தோம். அதனைச் செய்து தருவதாக ஓர் இடைத்தரகர் 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள அப்பதிவுக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை என்பது பிறகே தெரிந்தது. அரசின் தளம் போலவே தோன்றும் பிற தளங்களும் உள. பணம் கேட்டால் அது அரசின் தளமன்று என்று கொள்க.

இவ்வரங்கில் சேலை, ஊறுகாய், வடகம், கொலுப் பொம்மை விற்கும் தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டிற்கு வாருங்கள். பான் அட்டை, ஆதார் அட்டை, ஆதாரோடு இணைத்த கைப்பேசி ஆகியவற்றை உடன் கொண்டுவாருங்கள். சேர்ந்தமர்ந்து உதயம் பதிவை முடிப்போம். கட்டணம் இல்லை. பூண்டுப் பொடி விலை மட்டும் இம்மாதம் முதல் ஏறியிருக்கிறது.