வரி மட்டும் நிற்கவில்லை!

(கொமரலிங்கத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அமராவதிக் கரையில் இருக்கும் நமக்கு மாநகராட்சி நிர்வாகம் எதற்கு என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போவது திருப்பூருக்குத்தானே!

1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியை 1973இல் கலைத்தார்கள். மஸ்டர் ரோல் ஊழல் என்றார்கள். ஊழல் செய்தவனைத் தண்டியுங்கள். ஆனால் 1996 வரை மக்களின் ஓட்டைப் பறித்து வைத்தது என்ன நியாயம்?

ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்து என்கிறது, 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது சட்டத்திருத்தம். நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் வந்ததோ 2022 பிப்ரவரியில்! அதுவரை வரிவசூல் நின்றதா? மத்திய நிதிக்குழு மானியத்தில்தான் முட்டுக்கட்டை விழுந்தது. பிறகு 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு. திருப்பூர் போன்ற ஊர்களில் கடைகளுக்கு 100 சதவீதம்!

வரியே கூடாது என்று சொல்லவில்லை. சாக்கடைக்கும் குடிநீருக்கும் பணம் வேண்டும். தொழில்வரிக்கு ஆண்டுக்கு 2500 ரூபாய் என்று 1988இல் போட்ட உச்சவரம்பு அப்படியே கிடக்கிறது. பாரம் சொத்துவரி மீது விழுகிறது. மீதிக்கு மாநகராட்சி கோட்டையிடம் கையேந்துகிறது. சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

உமர் (ரலி) அவர்கள் பொதுப்பணத்துக்குத் திவான் என்ற பதிவேடு வைத்தார்கள். நாம் கேட்பதும் கணக்குத்தான். 2022 நவம்பரில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. திருப்பூரில் ஓட்டுள்ள இளைஞர்களே, உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கடைக்காரர்கள் பழைய, புதிய சொத்துவரி ரசீதுகள் இரண்டையும் கையோடு கொண்டு போங்கள்.