வண்டியில் ஒரு வானொலி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் மணக்கும் இம்மேடையில் கம்பியில்லாக் கருவியைப் பற்றி நான் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் திருப்பதியில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். தெருக்கள் ஆறுகளாயின, மலைப்பாதையில் மண் சரிந்தது. அடுத்த மாதத்தின் முதல் நாளிலேயே இரண்டாவது மலைப்பாதையில் பாறைகள் உருண்டு வழியை அடைத்தன. அந்நாட்களில், சித்தூரிலிருந்து புறப்பட்டவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்திருந்த இரவொன்று என் வீட்டிலும் கழிந்தது. கைப்பேசி இருந்தது, அதற்கு உயிர் கொடுக்கும் கோபுரந்தான் வாய்மூடிக் கிடந்தது.

அதன்பின் நம் காலனியில் சிலர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற முனைந்துள்ளனர். அவர்கள் என்னைக் காணும்போதெல்லாம், "வண்டிக்கு எந்தக் கருவி வாங்கலாம்?" என்று கேட்கின்றனர். அதற்கே இவ்வுரை.

முதலில் உரிமம். நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பின்னரே இக்கருவியை வாங்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். இன்னொன்றும் உண்டு. பேசுகிறவர் மட்டுமன்றி, மறுமுனையில் விடையிறுப்பவரும் உரிமம் உடையவராய் இருத்தல் வேண்டும். ஆகவே வீட்டுத்தலைவர் மட்டும் தேர்வு எழுதி வண்டியில் கருவியை மாட்டிக்கொண்டால், அவர் காற்றோடுதான் பேசவேண்டியிருக்கும்! தாய்மார்களும் எழுதுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்துகொண்டு தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியவர்களில் முன்னின்றவர் பாரதி பிரசாத் என்னும் அம்மையார். அவர் கையாண்டது நெடுந்தொலைவு செல்லும் சிற்றலை. நாம் பேசுவது அருகிலுள்ளோர்க்கான மிகுஅதிர்வெண் அலை. ஆயினும் பயிற்சி ஒன்றே.

நம் நாட்டில் இப்பணிக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டையும், 434 முதல் 438 வரை மற்றொரு பட்டையும் உண்டு. முன்னதன் அலைநீளம் இரண்டு மீட்டர். பின்னது எழுபது சென்டிமீட்டர். இரண்டிலும் இயங்குவதே இரட்டைப் பட்டைக் கருவி. திறந்த வெளியிலும் நாட்டுப்புறச் சாலையிலும் இரண்டு மீட்டர் அலை நன்கு செல்லும். கட்டடங்கள் நெருங்கிய நகரத்திலே சன்னல் வழியும் சந்து வழியும் நுழைந்து செல்வதில் மற்றது தேர்ந்தது. சித்தூரும் வேண்டும், திருப்பதிக் கடைத்தெருவும் வேண்டும் என்போர்க்கு இரண்டும் தேவை.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வன. சமவெளியில் இரு வண்டிகளின் கூரைமேல் ஏரியல் இருந்தால், நிலத்தின் வளைவு இடம் கொடுக்கும் தொலைவு ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர். திருமலை உச்சியோ திருப்பதியைவிட ஏறத்தாழ எழுநூறு மீட்டர் உயர்ந்தது. அங்கிருந்து தடையில்லாத திசையில் நூறு கிலோமீட்டர் வரை எட்டும் கணக்கு. ஆனால் பூதலப்பட்டு கடந்து காதங்கி, சந்திரகிரி எனச் செல்லும் சாலையில் குன்றுகள் குறுக்கே நிற்கின்றன. ஒரு குன்றின் நிழலில் நிற்கும் வண்டிக்கு ஐந்து வாட்டை ஐம்பது வாட்டாக்கினாலும் பெரும்பயன் இராது. நூறடி தள்ளி நிறுத்தினால் பேச்சு தெளிவாகக் கேட்பதும் உண்டு. (காதங்கியில் ஆயிரத்து இருபத்து நான்கு ஏரியல்கள் வரிசையாக நின்று, 53 மெகாஹெர்ட்ஸில் மேல்வானத்தை ஆராயும் ரேடார் உள்ளது. நம் பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டறிதல் நன்று.)

நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருந்த பணத்தையெல்லாம் ஐம்பது வாட் கருவிக்கே கொட்டினேன். மிஞ்சிய சில்லறைக்கு ஓர் ஏரியல் வாங்கிப் பின்புறத் தடுப்புக் கம்பியில் கட்டினேன். மின்சாரத்துக்குச் சிகரெட் பற்றவைக்கும் துளையைப் பயன்படுத்தினேன். பேச வாயெடுத்தேன், உருகி போயிற்று! அத்தகைய கருவி முழு ஆற்றலில் பத்து முதல் பதின்மூன்று ஆம்பியர் வரை இழுக்கும். அத்துளை அதனைத் தாங்காது. பாட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பி இழுத்து, பாட்டரியின் அருகிலேயே உருகி வைப்பதுதான் முறை.

ஆகவே என் கருத்து இது: ஏரியலை முதலில் தேர்ந்தெடுங்கள், கருவியைப் பிறகு பாருங்கள். இரண்டு மீட்டர் அலைக்குக் கால் அலை ஏரியல் ஐம்பது சென்டிமீட்டர் உயரமே. இரு பட்டைக்கும் பொருந்துமாறு செய்த ஏரியலை இரும்புக் கூரையின் நடுவில் வையுங்கள். அக்கூரையே ஏரியலின் மறுபாதியாக நின்று உதவும். மெலிந்த கேபிள் ஐந்து மீட்டர் நீண்டால், எழுபது சென்டிமீட்டர் அலையின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். கேபிள் தேவைக்குமேல் நீள வேண்டாம். பொருத்தியபின் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இரவல் வாங்கியாவது இரு பட்டையிலும் அளந்து பாருங்கள்; ஒன்றரைக்குள் இருந்தால் நிறைவு.

கருவியில் நான் பார்ப்பவை சிலவே. இரு பட்டையையும் ஒரே நேரத்தில் கேட்க இயலுமா? பல கருவிகள் இரண்டிலும் இயங்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றையே கேட்கும். அவை விலை குறைந்தவை. முகப்பைப் பிரித்துத் தனியே மாட்ட முடியுமா? முடியுமானால் உடலை இருக்கையின் கீழ் வைக்கலாம். காற்றோட்டம் மட்டும் விடுங்கள். விசைகள் இருட்டிலும் விரலுக்குத் தெரிகின்றனவா? இது சிறிதாகத் தோன்றும். மலைப்பாதை வளைவிலே இதன் அருமை தெரியும். கடைக்காரர், "இக்கருவி எந்த அலையிலும் பேசும்" என்று பெருமை சொல்வார். அதுவே நாம் அஞ்சவேண்டியது. உரிமத்திலுள்ள பட்டைக்கும் ஆற்றலுக்கும் அப்பால் அனுப்புதல் குற்றமாகும். வாணிகச் செய்திக்கும் இதனைப் பயன்படுத்தலாகாது.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் வண்டி காலனி வாயிலில் நிற்கும். உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் வாயிலில் கைக்கருவியுடன் இருக்க, நான் சந்திரகிரிக் கோட்டை வரை சென்று, எந்த வளைவில் குரல் மறைகிறது, எந்த மேட்டில் மீள்கிறது என்று குறித்து வர எண்ணியுள்ளேன். குறிப்பேட்டுடன் உடன்வர இரண்டு பேருக்கு இடமுண்டு.